கண்ணாடிப் பெட்டியில் வந்த எங்கள் ஊர்க்காரர்கள்

1

கோவையிலிருந்து அந்தப் பெட்டி வந்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. காலையில் ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது நினைவு வந்தது. நான் எதையும் வரிசைப்படி எழுதுகிறவன். இதையும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. நான் இருப்பது இங்கிலாந்தின் வடபகுதியில், ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி உண்டு. வயதானால் பெரும்பாலும் வீங்கும். சிலருக்கு அதில் புற்றுநோய் வரும். அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். அதை நுண்ணோக்கியின் கீழே வைத்தால், மேலே பொருத்திய கேமரா படம் பிடித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எது நல்ல திசு, எது நோய் என்று கம்ப்யூட்டர் தானாகச் சொல்ல வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். நான் மருத்துவன் அல்ல. பீளமேட்டில் ஒரு மில்லின் பரிசோதனைக் கூடத்தில் நூலைப் படமெடுத்து அதன் மேடுபள்ளங்களை அளந்துகொண்டிருந்தவன். அளக்கிற பொருள்தான் மாறியது.

கம்ப்யூட்டர் படத்தை ஒரேயடியாகக் காட்டாது. மேலிருந்து கீழாக, வரி வரியாக வரையும். இளஞ்சிவப்பு, ஊதா, நடுவே வெள்ளைத் துளைகள். படம் முழுதாக வந்தபின் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு, சந்தேகப்படும் இடங்களில் சிவப்புப் பூச்சு பரவும். அந்த இடைவெளியில் யாரும் பேசமாட்டோம். குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே வெளியே இருட்டிவிடும். ஜன்னல் கண்ணாடியில் என் முகமும் அதன் மேல் யாரோ ஒருவருடைய உட்புறமும் சேர்ந்து தெரியும்.

2

கோவையில் ஒரு மருத்துவமனையோடு எங்கள் துறை கூட்டு ஆராய்ச்சி தொடங்கியது. வேற்று நாட்டுத் திசுவிலும் எங்கள் புரோகிராம் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே அறுவை செய்துகொண்டவர்களின் கண்ணாடித் துண்டுகளைப் பெயர்களை நீக்கி, எண் மட்டும் இட்டு அனுப்பினார்கள். பெட்டி இங்கே விமானநிலையச் சரக்குக் கூடத்தில் நின்றுவிட்டது. ஊர்க்காரன் என்பதால் என்னைத்தான் அனுப்பினார்கள்.

கவுண்டரில் ஒரு படிவத்தின் மேல் இன்னொரு படிவமாக வந்தது. உணவுப் பொருளா? இல்லை. விற்பனைக்கா? இல்லை. மனிதத் திசு என்று எழுதியதும், அதற்குரிய படிவம் வேறு என்று மேல்மாடிக்கு அனுப்பினார்கள். மேல்மாடியில், அது கீழேதான் என்றார்கள். கடைசியில் ஓர் அதிகாரி பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, இவை யாருடையவை என்று கேட்டார். எந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்று கேட்டிருக்கிறார். நான் களைப்பில், எங்கள் ஊர்க்காரர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியின் மேலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேள்வி இல்லை.

இந்த மாதிரிப் பிசகு எனக்குப் புதிதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாலையில் கிளம்பும்போது ‘வாரேன்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். பக்கத்து மேசைக்காரர் நான் திரும்பி வருவேன் என்று விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாராம்.

ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவிநாசி ரோட்டுப் பஸ்ஸில் என்னோடு இடித்துக்கொண்டு நின்றவர்கள், ஆர்.எஸ்.புரத்தில் எனக்கு வேட்டி எடுத்துப் போட்டவர், எனக்குப் பாடம் நடத்தியவர் என்று யார் வேண்டுமானாலும் அதற்குள் இருக்கலாம். என் அண்ணனும் இருக்கலாம். அந்த வருடம் ஜூனில் அவருக்கும் அதே மருத்துவமனையில்தான் அடைப்புக்கு அறுவை நடந்திருந்தது. எந்த எண் யார் என்று கேட்கக் கூடாது என்பது ஆராய்ச்சியின் முதல் விதி. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

3

அண்ணன் பெயர் மருதாசலம். கருமத்தம்பட்டியில் வீட்டை ஒட்டியே ஷெட் போட்டு விசைத்தறி ஓட்டுகிறவர். இருந்த பூமியில் பாதியை விற்றுத்தான் தறி வாங்கினார். மீதியை விற்றுத்தான் நான் படித்தேன்.

சனிக்கிழமை இங்கே மதியம், அங்கே மாலை, நான் கூப்பிடுவேன். அறுவைக்குப் பிறகு அவர் ஒரு புது நம்பர் கொடுத்தார். வீட்டுப் போன் அடிக்கடி செத்துப்போகிறது, இது ஷெட்டுக்கு வாங்கியது, இதற்கே கூப்பிடு என்றார். போனை எடுத்தால் முதலில் தறிச் சத்தம்தான் வரும். அதற்கு மேல் குரலை உயர்த்தி அண்ணன் பேசுவார். உடம்பு எப்படி இருக்கிறது என்றால், கல்லு மாதிரி இருக்கிறேன் என்பார். ஆபரேசன் பற்றிக் கேட்டால், அது வயதுக்கு வருகிற வீக்கம், சுரண்டி எடுத்துவிட்டார்கள், ஆயிற்று என்பார். தறி ஓடுகிற சத்தத்தைக் கேட்டாலே எனக்கு மனம் நிறைந்துவிடும். அங்கே எல்லாம் நடக்கிறது என்று அர்த்தம்.

என் மகள் நித்யா இங்கே நான்காம் வகுப்பிலிருந்து படிக்கிறாள். அவளுடைய தமிழ் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. பெரியப்பாவிடம் பேசு என்று கொடுத்தால், அவர் சொல்வது பாதி புரியாமல் ‘ம்’ போட்டுக்கொண்டு நிற்பாள். ஒரு சனிக்கிழமை போனைத் திருப்பித் தந்துவிட்டு, பெரியப்பா வீட்டு நாய் ஏன் இப்போதெல்லாம் குரைப்பதே இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். விடுமுறைக்குப் போனபோது போன் மணி அடித்தாலே அந்த நாய் குரைக்கும். செத்திருக்கும் என்றேன். அவள் அழுதாள். அண்ணனிடம் கேட்டேன். நாய்க்கென்ன, நன்றாக இருக்கிறது என்றார். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

4

பெட்டியைத் திறந்து வேலை தொடங்கியபின், கோவைப் படங்களில் ஒரு தொல்லை வந்தது. தூசியும் பிசிறும். கண்ணாடிக்கும் திசுவுக்கும் நடுவே கிடக்கும் பிசிறை எங்கள் புரோகிராம் சுரப்பியின் விளிம்பு என்று நினைத்துக்கொள்ளும். அதையெல்லாம் பார்த்து, மவுஸால் சுற்றி வரைந்து, இது திசு அல்ல என்று ஒதுக்குவது என் பொறுப்பு.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு பிற்பகல். ஒரு படம் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில், திசுத் துணுக்கின் ஓரத்தில், நீல நிறத்தில் ஏதோ வந்தது. திசுவுக்கு ஏற்றும் சாயத்தின் நீலம் இல்லை அது. பக்கத்திலேயே பச்சை. பெரிதாக்கிப் பார்த்தேன். சீவப்பட்ட பஞ்சு இழைகள், அவரை விதை வடிவில், ஒன்றோடொன்று ஒட்டி. நீலம் கொஞ்சம், பச்சை கொஞ்சம். முறுக்கிய நூலைக் குறுக்கே வெட்டினால் இப்படித்தான் இருக்கும். மில்லில் பல ஆண்டுகள் அதைத்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கம் வெளுக்காத காடாத் துணி நெய்கிறவர்கள், யாருடைய துணி என்று வியாபாரி அடையாளம் காண, கரையில் ஓரிரு கலர் இழை ஓட்டுவார்கள். ஆளுக்கொரு கலர். என் அண்ணனுடையது நீலமும் பச்சையும்.

நான் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டேன். படம் முழுதாக வந்து நின்றது. அந்த இடைவெளி வந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. நுண்ணோக்கியின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. துணுக்கின் ஒரு மூலையில் சிவப்பு தொடங்கி, சற்று தூரம் பரவி, நின்றது.

முந்தின சனிக்கிழமைதான் அவர் தறிச் சத்தத்துக்கு மேலே, கல்லு மாதிரி இருக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

5

நம் வீடுகளில் இந்த வியாதியின் பெயரை நோயாளியிடம் சொல்வதில்லை. வீட்டார் கேட்டுக்கொண்டு, அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். எனவே அண்ணனுக்குத் தெரியாது, நங்கைக்குத் தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவரிடம் தனியாகப் பேச வேண்டும். சனிக்கிழமை ஷெட் நம்பரில் அது முடியாது. நம்பிக்கையில்லாமல்தான் பழைய வீட்டு நம்பரைச் சுழற்றினேன்.

மணி அடித்தது. நாய் குரைத்தது. நங்கை எடுத்தார்.

போன் சரியாகிவிட்டதா என்றேன். இன்றைக்குத்தான் சரிசெய்தார்கள் என்றார். தறிச் சத்தம் கேட்கவில்லையே என்றேன். கரண்ட் இல்லை என்றார். அண்ணன் எங்கே என்றால், சோமனூர் வரைக்கும் போயிருக்கிறார் என்றார். பேச்சை வளைத்துக்கொண்டு போய், ஆபரேசன் அன்று எடுத்த சதையை லேபுக்கு யார் கொண்டுபோனது என்று கேட்டேன். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அது வீட்டார் வேலைதான்.

“நாந்தானுங்க தம்பி கொண்டுபோனேன். பாட்டல்ல மருந்தூத்திப் போட்டுக் குடுத்தாங்க. ஆட்டோவுல மூடி எங்கியோ உழுந்துபோச்சு. மருந்து அலம்பி சீலையெல்லாம் நனையுது. பையில நம்ம ஷெட்டுக் கழிவு நூலு கெடந்துச்சு, கை தொடைக்க எப்பவும் வச்சிருப்பனுங்களே. அதையச் சுருட்டி வாயில அடைச்சுபோட்டேன். லேபுல அந்தப் புள்ள என்னையப் புடிச்சு அந்தத் திட்டுத் திட்டுச்சு, போங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் ரிசல்ட் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

“ஒண்ணுமில்லீங்களாமா” என்றார்.

மருந்தில் ஊறிய கழிவு நூல் பிரிந்து துணுக்கில் ஒட்டி, மெழுகில் பதிந்து, அதனோடு சீவப்பட்டு, என் திரைக்கு வந்திருக்கிறது. அந்த எண் யார் என்பதில் இனி எனக்குச் சந்தேகம் இல்லை.

6

மறுநாள் துறைத் தலைவர் ஹெலனிடம் போனேன். நோய்க்குறியியல் மருத்துவர். சுருக்கமாகப் பேசுகிறவர். விதியை மீறிவிட்டேன், ஒருவரை அடையாளம் கண்டுவிட்டேன் என்றேன். எப்படி என்றார். நூலைக் காட்டினேன். நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். நூலைவிட அதிக நேரம் அந்த மூலையைப் பார்த்தார். எங்கள் புரோகிராம் சொன்னது சரிதான் என்றார். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

கோவைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். பெயர் கேட்கவில்லை. இந்த எண்ணுக்குரியவருக்கு முடிவு தெரியுமா என்று மட்டும் கேட்டார். பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் நான் மற்ற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படமும் இறங்கும்போது, இவரும் எங்கோ போனில் யாரிடமோ நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. பெட்டி முழுக்க அந்தக் குரல்கள். நடுச் சனிக்கிழமையில் நான் ஷெட்டுக்குக் கூப்பிடவில்லை. வீட்டு நம்பரில் நங்கையிடம், எனக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

பதில் வந்ததும் ஹெலன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அந்த மனிதருக்கு அப்போதே தெரிவித்துவிட்டார்கள். வீட்டாருக்கு அல்ல, அவருக்கே. தனியாக வந்து கேட்டுக்கொண்டு போனார். மேற்கொண்டு சுரப்பியை எடுக்க வேண்டும், அல்லது கதிர்ச் சிகிச்சை வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர் திரும்ப வரவே இல்லை.

இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது, சொல்லவும் தெரியாது என்றார் ஹெலன். காத்திருந்தால் நல்லதில்லை என்று மட்டும் சொன்னார்.

7

சனிக்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை. வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிட்டேன். நாய் குரைத்தது. அண்ணனே எடுத்தார். தறிச் சத்தம் இல்லாமல் அவர் குரலைக் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. வேறு யாரோ ஒரு கிழவர் எடுத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“அண்ணா, தறி ஓடலீங்களா?”

 போனை மறு காதுக்கு மாற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

“நிறுத்திப்போட்டேன் கண்ணு. ஆபரேசன் முடிஞ்ச மாசமே குடுத்துட்டேன்.”

“சனிக்கெழம கேக்கறது?”

“பக்கத்து ஷெட்டுது. அவிய போன்தான் அது. சத்தமில்லீன்னா நீ கேப்பே. நீ கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது.”

காலி ஷெட்டை வீட்டோடு வைத்துக்கொண்டு, சனிக்கிழமை தோறும் பக்கத்து ஷெட்டில் போய் நின்று, இன்னொருவருடைய தறிகளுக்கு மேலே கத்திப் பேசியிருக்கிறார். நோயாளியிடமிருந்து மறைக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். நோயாளியும் சேர்ந்துதான் மறைத்திருக்கிறார். மறைக்கப்பட்டவன் நான்.

“உங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? அங்க ஒத்தையில உக்காந்து தூங்காமக் கெடப்பே. உன்ற வேலையே இதுதானாமா. பேரைச் சொன்னதுமே உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோகும். அதனாலயே உன்ற நங்கையாகிட்டக் கண்டிசனாச் சொல்லிவச்சிருந்தேன்.”

எனக்கு முன்னாலேயே தெரியும் என்றேன். அவருடைய கண்ணாடித் துண்டு என்னிடம்தான் இருக்கிறது, கரை நூலை வைத்துக் கண்டுபிடித்தேன் என்றேன். நீலம் பச்சையா என்று கேட்டார். பிறகு சிரித்தார். பழைய சிரிப்பு.

“அதுலயும் மார்க்குப் போட்டா அனுப்புனேன்?”

நானும் சிரித்தேன்.  நிமிடத்துக்கு இவ்வளவு காசு என்று நான் எப்போதும் பார்ப்பேன். அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர்தான் கேட்டார், தயங்கித் தயங்கி, யாருடைய வீட்டுக்குள்ளோ எட்டிப் பார்க்கிற மாதிரி.

“பாக்கறதுக்கு எப்படி இருந்துச்சு?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் என்ன சொன்னாரோ அதைத்தான் நானும் சொல்ல முடியும் என்றேன். அவர் விடவில்லை. டாக்டர் சொன்ன எதுவும் விளங்கவில்லை, பேப்பரில் இங்கிலீசில் எழுதிக் கொடுத்தார்கள், அது என்னவென்று தெரியாத இருட்டுக்குள் எப்படி இறங்குவது என்றார். அப்போதுதான் அவர் ஏன் திரும்பப் போகவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

சொன்னேன். மேலே பறந்து பார்த்தால் நம்ம பக்கத்துக் காடு தோட்டம் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது என்றேன். காட்டுக்குக் காடு ஒரு கிணறு. அகலமான கிணறு. சுற்றிலும் கட்டிய சுவர். நடுவே வெள்ளையாக வெளிச்சம். கிணற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவே நல்ல இடம். பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

“மத்தது?”

“ஒரு மூலையிலீங்கண்ணா. அங்க மட்டும் கெணறு சின்னச் சின்னதா, ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு இருக்குதுங்க. செவுரு கட்டாம, யாரையும் கேக்காம வெட்டுனாப்பல.”

“பொறம்போக்குல வெட்டற மாதிரி.”

“ஆமாங்க.”

“மூலையில மட்டுந்தானா?”

“நான் பாத்த துணுக்குல மூலையில மட்டுந்தானுங்க. உள்ள வேற எங்க இருக்குதுன்னு அவங்கதான் பாக்கோணும்.”

அவர் யோசிக்கும்போது தொண்டையைச் செருமுவார். செருமினார்.

“நீ வாரயா கண்ணு?”

“வாரேனுங்கண்ணா.”

8

அண்ணன் இப்போது இருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களைக் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது. இனி எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது. ஹெலனாலும், எங்கள் புரோகிராமாலும். அந்தப் படத்தில் நூலைச் சுற்றி நான் கோடு வரைந்து ஒதுக்கிவிட்டேன். அது வேலை. மூலையைச் சுற்றி எல்லைக் கோடு வரைவதை மட்டும் வேறு ஒருவரிடம் கொடுக்கச் சொன்னேன். ஹெலன் காரணம் கேட்கவில்லை.

ஜனவரியில் லீவு போட்டுப் போனேன். காலி ஷெட்டில் தறி இருந்த இடங்களில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. நங்கை என் முகத்தைப் பார்க்காமல் சாப்பாடு போட்டார். இரண்டாம் நாள் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய டாக்டரின் கிளினிக்குக்கு அண்ணனைக் கூட்டிப்போனேன். வெளியே பட்டுக்கடை வாசலில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. உள்ளே வரிசையாக அண்ணன் வயதுக்காரர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எத்தனை பேரை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேனோ என்ற எண்ணத்தில் என்னால் அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டாக்டர் பேப்பர்களைப் புரட்டிவிட்டு, ஆறு மாதம் எங்கே போயிருந்தீர்கள் என்று அண்ணனைக் கடிந்துகொண்டார். அண்ணன் சிரித்துச் சமாளித்தார். கூட வந்திருப்பது யார் என்று டாக்டர் கேட்டார்.

“எம்பட தம்பிங்க. சீமையில இருக்கறான். என்னைய உள்ள பாத்தவன்.”

டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் விளக்க வாயெடுத்தேன். அண்ணன் என் தொடையில் கையை வைத்து அழுத்தினார். டாக்டர் அறுவை பற்றியும், அதற்குப் பிறகு என்னென்ன மாறும் என்பது பற்றியும் நிதானமாகச் சொன்னார். சில விஷயங்களை என் முன்னால் சொல்லத் தயங்கி, பிறகு சொன்னார். அண்ணன் தலையாட்டவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டர்.

“கேக்கறதையெல்லாம் இவனைக் கேட்டுட்டனுங்க. நான் எப்ப வந்து படுக்கோணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க.”